ஏழு கன்னிமாருக்கு இரண்டு முதலாளிகள்

தோட்டத்து மந்திரவாதியை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் நாலைந்து மணிமாலை, வெற்றிலை குதப்பிய வாயில் எதையும் ஒப்புக்கொள்ளாத ஒரு ‘ம்ம்’. இவர் இல்லாத ரப்பர் தோட்டம் மலாயாவில் மலாக்கா முழுக்கத் தேடினாலும் அகப்படாது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இந்த இனம் ஒற்றையாக உயிர் வாழாது. தொழிலாளர் வீட்டு வரிசைக்கு லயம் என்று பேர்; மேல் லயத்தில் ஒருவர் இருந்தால் கீழ் லயத்தில் ஒருவர் இருந்தே தீருவார். ஒருவர் செத்துப்போனால் மற்றவர் சோறு இறங்காமல் இளைத்துப்போவார். பாசமா? அதெல்லாம் இல்லை. இனிமேல் யாரைத் திட்டுவது என்ற கவலை.

இவர்களுடைய தொழில் மந்திரம் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. பாவம் ஊர். தானாக நடந்த காரியத்தைத் தான் நடத்தியதாகச் சொல்வதுதான் தொழில். மழை பெய்தால், “நேத்தே சொல்லி வச்சேன்.” பெய்யாவிட்டால், “நான்தான் கட்டி வச்சிருக்கேன், பால்வெட்டு கெடக் கூடாதுல்ல?” மாடு கன்று போட்டால் தன்னால், கன்று செத்தால் எதிராளியின் ஏவலால், மாடாவது பிழைத்ததே, அது மறுபடியும் தன்னால். இப்படிப் பேசுகிறவனை எந்த வழக்கறிஞரால் மடக்க முடியும்?

சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தின்போது, இந்த இனத்தின் உயர்ந்த ஜோடி ஒன்று வாழ்ந்தது. மேல் லயத்துக்கு மாயாண்டி, கீழ் லயத்துக்குச் சாமிநாதன். காலையில் ஒருவர் பால்மரம் வெட்டினார், மற்றவர் புல் வெட்டினார். மாலையில் இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் வெட்டினார்கள்.

தோட்டத்து எல்லையில் ஓர் அத்திமரம். அதன் அடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். அவர்கள்தான் கன்னிமார், அக்கா தங்கைகள் ஏழு பேர். கன்னிமாருக்கு வயசும் ஏறாது, பொறுப்பும் வராது. பால் கோப்பையைக் கவிழ்ப்பார்கள், வெட்டுக்கத்தியை ஒளித்து வைப்பார்கள், கல்யாணமாகாத பையன்களின் தலைமுடியைச் சிக்காக்குவார்கள். ‘எங்கள் ஊரிலும் இப்படிச் சிறு தேவதைகள் உண்டு, பாலைக் கவிழ்ப்பதுதான் அவர்களுக்கும் வேலை’ என்று துரைசானியே ஒருமுறை சொன்னாளாம். அப்படியானால் சீமையிலும் ஒரு மாயாண்டியும் ஒரு சாமிநாதனும் இருந்தே ஆகவேண்டும். ஏனென்றால் நம் ஊரில் கோப்பை கவிழ்ந்த மறுநிமிடமே இரண்டு பேரும் ஓடி வந்து, “கன்னிமார் என் பேச்சைக் கேட்டுத்தான் கவுத்தாங்க” என்று உரிமை கொண்டாடுவார்கள். கன்னிமார் எந்தக் காலத்தில் யார் பேச்சைக் கேட்டார்கள்?

அப்புறம் கம்பிவேலி வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சர்க்கார் லயங்களைச் சுற்றி வேலி போட்டு, கேட்டில் காவலும் போட்டது. வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் குற்றம். வேலி போட்டவர்கள் ஆடு மாடு கோழியையெல்லாம் உள்ளே சேர்த்தார்கள். கன்னிமாரைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அத்திமரம் வெளியே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேல் லயத்துப் பால்வெட்டுக்காரி முத்தாயியின் மகள் ஜெயாவுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கொடுத்த மருந்தைக் குடித்தும் குழந்தை அனலாய்க் கொதித்தது. பெற்றவள் என்ன செய்வாள்? மாயாண்டியிடம் ஓடினாள்.

“வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டோம்ல, கோவிச்சுக்கிட்டாங்க. சக்கரைப் பொங்கல் வச்சுக் கும்பிடு, எறங்கிடும்” என்றார் மாயாண்டி.

சேதி கீழ் லயத்துக்குப் போனது. சாமிநாதனுக்குப் பொறுக்குமா? தாமே மெனக்கெட்டு மேடேறி வந்தார். “பொங்கலு மட்டும் வச்சா பாதிக் காச்சல்தான்லா எறங்கும். அவருக்கு அம்புட்டுத்தான் தெரியும். நீ முட்டையும் சேத்து வை.”

முத்தாயி பால் வாளிக்குள் பொங்கலை மறைத்து எடுத்துப்போய் வைத்துக் கும்பிட்டாள், முட்டையோடு. காய்ச்சல் இறங்கியது. டிரெஸ்ஸரின் மருந்து வேலை செய்ய எடுத்துக்கொண்ட நேரம் அது என்று நான் நினைக்கிறேன். யார் என்னைக் கேட்டார்கள்? பொங்கலால் என்று மேல் லயமும், முட்டையால் என்று கீழ் லயமும் அடித்துக்கொண்டன. முத்தாயியோ நன்றி மறக்காதவள். இன்னொரு படையலோடு கிளம்பினாள், கேட்டில் பிடிபட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தனபாலன் வேர்க்க விறுவிறுக்க மொழிபெயர்த்தார்.

“சோறு யாருக்குன்னு கேக்குறாரு.”

“கன்னிமாருக்குங்க.”

“எத்தனை பேராம்?”

“ஏழு பேருங்க. எல்லாம் பொம்பளைங்கதான்.”

“தலைவி உண்டா?”

“மூத்தவ சொன்னா மத்தவ கேப்பாங்க.”

“ஆயுதம்?”

முத்தாயி யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. “சூலம் இருக்குங்க.”

ஆயுதம் தாங்கிய ஏழு பெண்களின் படை! இன்ஸ்பெக்டர் ஒரு லாரி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு தாமே நேரில் போய் அத்திமரத்தைச் சுற்றி வளைத்தார். ஏழு கற்களும் எதிர்ப்பின்றிச் சரணடைந்தன. திரும்பும் வழியில் லாரி சேற்றில் புதைந்தது. தள்ளப்போன இன்ஸ்பெக்டரின் ஒரு பூட்ஸைச் சேறு விழுங்கிவிட்டது. அன்று லயத்தில் மாயாண்டியும் சாமிநாதனும் தனித்தனியே சபை கூட்டி, லாரியை அமுக்கியது தாமே என்று அறிவித்தார்கள்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கல் சோறு தின்னாது, வேறு யாரோ தின்கிறார்கள், இவளை யாரோ ஏவியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. ஏவியவன் யார் என்று தெரியாவிட்டால் இவளைத் தடுப்புக் காவலில் போட்டு, அப்புறம் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றுவேன் என்றார். முத்தாயி பிறந்தது இந்த லயத்தில். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. வாசலில் அவள் புருஷன் சின்னத்தம்பி ஜெயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். குழந்தை “அம்மா” என்று கத்தியது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. எனக்கு இன்னமும் வயிறெரிகிற இடம் இது.

இந்தப் பக்கத்தில் ஏவுகிற ஆட்கள் யார் என்று ஊரில் விசாரித்து, மந்திரவாதிகள் இருவரையும் கூட்டி வந்தார்கள். அடடா, அப்போது அவர்களிடம் பொங்கிய அடக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“நான் சும்மா தலைவலிக்கு விபூதி போடுறவன் தொரை” என்றார் மாயாண்டி. “பெரிய கையின்னா சாமிநாதன் அண்ணன்தான்.”

“ஐயோ, அவரு முன்னால நான் எம்மாத்திரம்?” என்று சாமிநாதன் குழைந்தார். “கன்னிமாரெல்லாம் அவரு கைக்குள்ள.”

ஆயுசில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் புகழ்ந்தார்கள். முத்தாயி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசலில் குழந்தை மறுபடியும் கத்தியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிராணியிடம் திரும்பினாள்.

“கிராணி ஐயா, மாயாண்டி மாமாவை விட்டுடச் சொல்லுங்க. அவரு சொன்னது உண்மைதான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. கன்னிமாரு அவரை மதிக்கவே மாட்டாங்கன்னு கீழ் லயத்துல எல்லாரும் சொல்றாங்க. சாமிநாதன் மாமாதான் அவரைப் பாத்துச் சிரிப்பாரே.”

கெட்ட நேரம், சாமிநாதன் அப்போது உண்மையிலேயே சிரித்துவிட்டார்.

மாயாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போகலாம். மூட முடிந்ததா?

“யாருக்குலா ஒண்ணும் தெரியாது? காச்சல எறக்கினது யாரு? பொங்க வெக்கச் சொன்னதே நான்தான்! நான் ஒரு கொரலு குடுத்தா ஏழு பேரும் வந்து வரிசையா நிப்பாளுங்க!”

கிராணி அதை அப்படியே மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாமிநாதன் தப்பித்துவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? எதிராளி மொத்தப் பெருமையையும் மூட்டை கட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போவதை இந்த இனம் பார்த்துக்கொண்டு நிற்குமா?

“ஒளறாதய்யா!” என்று பாய்ந்தார். “முட்டை வெக்கச் சொன்னது நானு! அதுலதான் காச்சலே போச்சு! அம்புட்டு ஏன், லாரியைச் சேத்துல அமுக்கினது யாருன்னு நெனச்சே? நானு!”

இன்ஸ்பெக்டர் குனிந்து, தம் காலில் கிடந்த இரவல் செருப்பைப் பார்த்தார்.

ஒரே அறையில் இரண்டு பேரையும் போட்டுப் பூட்டினார்கள். “இவங்க ரெண்டு பேரையும் காட்டுக்குள்ள அனுப்பி வச்சா கம்யூனிஸ்டுங்க தாங்க மாட்டாம தாங்களே வெளிய வந்துடுவாங்கன்னு தொரை சொல்றாரு” என்று கிராணி மொழிபெயர்த்தார். முத்தாயியை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவள் ஜெயாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏழு கற்களையும் கேட்டு வாங்கி, சின்னத்தம்பியிடம் சுமக்கக் கொடுத்து, வேலிக்கு உள்ளேயே நட்டாள். சில நாள் கழித்து லாக்கப் கதவு திறந்தது. திறந்தது யாருடைய மந்திரத்தால் என்று அந்த இருவரும் தோட்டம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மகன் பரீட்சையில் தேறினால் ‘என் கண்டிப்பு’ என்றும், தவறினால் ‘அவன் அம்மா கொடுத்த செல்லம்’ என்றும் சொல்கிற ஆள் நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு எதிர் லயமே கிடையாது. ஆனாலும் ஒரு சின்னச் சேதி: இந்தக் கதையில் முத்தாயி என்ன செய்யப்போகிறாள் என்பதை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அவள் வாய் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாராம்; உங்களுக்குத்தான் கடைசி வரை புரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

என்ன, ஏதோ சொல்ல வருகிறீர்கள் போலிருக்கிறதே?