கஞ்சா உலர்த்தல் நவீனமயத் திட்டம், முதல் கட்டம்

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் வயது வந்த ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அதில் ஓர் இலையைக்கூட அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வளர்க்கலாம் என்று சொன்ன ஊர் அரசுக்கு மேலே, நாடு முழுவதற்கும் சேர்த்து, இன்னோர் அரசு உட்கார்ந்திருக்கிறது. அதன் சட்டப்படி வளர்ப்பதே குற்றம். இரண்டு அரசும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன, ஒரே கடையில்தான் காபி குடிக்கின்றன. ஊர்க்காரர்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் கிடையாது, ஏனென்றால் குழப்பம்தான் அவர்கள் பார்க்கும் வேலை.

நொலீனுக்கு இடது இடுப்பு தேய்ந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு வரிசையில் பெயர் இருக்கிறது, வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. படுத்தால் வலி, புரண்டால் அதைவிட வலி. படுக்கப்போகும் முன் கஞ்சா இரண்டு இழுப்பு இழுத்தால் மட்டும் விடியும்வரை தூங்குவாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தூக்கம்தான். குளிர்காலம் வேறு வந்துகொண்டிருந்தது.

போன வருஷ விளைச்சலை அவள் கணவர் லயனல் அடுப்பில் வைத்து உலர்த்தி, பல்பொடிபோல் ஆக்கிவிட்டார். காப்பாற்றியது பக்கத்து வீட்டுக் கோரல். அவள் தன் செடியைத் துணி துவைக்கும் அறையில், புருஷன் கிளைவின் காலுறைகளுக்குப் பக்கத்திலேயே கொடியில் தொங்கவிடுவாள். காய்ந்ததும் ஒரு ஜாம் பாட்டிலில் அடைத்து, வேலியோரமாக மறந்து வைத்துவிட்டுப் போவாள். கொடுத்தால் குற்றம், மறந்தால் குற்றமில்லை. நொலீன் அதைக் கண்டெடுப்பாள்.

இரண்டு பெண்களும் ஓய்வு பெறும்வரை அரசாங்கத்தின் பயனாளி திருப்தி அளவீட்டுப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள். ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடச் சொல்லும் கேள்விகளையெல்லாம் நாட்டுக்குத் தந்தவர்கள் இவர்கள்தான். நான்குக்குக் கீழே யார் போட்டாலும் அவரிடம் நேர்காணல், தொடர் ஆய்வு, மறு ஆய்வு நடத்தப்பட வேண்டும் என்ற விதியை எழுதியது நொலீன். அவள் காலத்தில் நாட்டு மக்கள் அத்தனை பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். அதற்காக அவளுக்குப் பாராட்டு விழாகூட நடந்தது.

லயனல் மேல் அரசின் அமைச்சகம் ஒன்றில் பொறுப்பு உதவி இயக்குநர். பொறுப்பு என்றால், உண்மையான உதவி இயக்குநர் வரும்வரை நாற்காலி ஆறிவிடாமல் பார்த்துக்கொள்பவர். உண்மையானவர் வரவேயில்லை, லயனலையும் நிரந்தரமாக்கவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய நெடுங்காலச் சேவையைப் பாராட்டி ஒரு சின்ன ஒயின் ஃப்ரிட்ஜைக் கொடுத்துக் கைதட்டினார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. மனிதர் வீட்டுக்கு வந்து அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

இந்த இலையுதிர் காலத்தில் அவர் அதன்முன் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நொலீன், இந்த வருஷம் இதுலதான் உலர்த்தப் போறோம். மெதுவா, குளிர்ச்சியா. இப்ப எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

"எதுக்கு லயனல் இந்தப் பாடு? கோரல் மாதிரி கயித்துல கட்டித் தொங்கவிடேன்."

"கோரல் பண்றதுக்குப் பேர் உலர்த்தல் இல்லை. அது சும்மா தொங்கவிடுறது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கட்டுப்பாடு," என்றார் லயனல்.

இப்படியாக உலர்த்தல் நவீனமயத் திட்டம் தொடங்கியது. வழிநடத்தும் குழுவில் இரண்டு பேர்: லயனல், தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கிளைவ். நொலீன் பயனாளி என்பதால், தன்னல முரண்பாட்டைத் தவிர்க்கும் பொருட்டு, வாக்குரிமை இல்லாத பார்வையாளராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டாள். ஆயத்தப் பணியாக ஃப்ரிட்ஜிலிருந்த ஒயினை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அந்தக் கடினமான பணியைக் குழுவே கராஜில் நாற்காலி போட்டு, பாலாடைக்கட்டி சகிதம், பல மாலைகளில் நிறைவேற்றியது.

பிறகு தட்டுகளைக் கழற்றினார்கள். குறுக்கே கம்பி கட்டினார்கள். பழைய கணினியின் குட்டி விசிறியை உள்ளே பொருத்தினார்கள். ஓணான் வளர்ப்பவர்களுக்கான கடையில் ஈரப்பதமானி ஒன்று வாங்கிவந்து உள்சுவரில் ஒட்டினார்கள். வெளிச்சம் பட்டால் சரக்கு கெட்டுவிடும் என்று எங்கோ படித்த கிளைவ், கண்ணாடிக் கதவு முழுவதையும் கறுப்பு அட்டையால் மறைத்தார். எல்லாம் முடிந்து ஒரு செடியை வெட்டி உள்ளே தொங்கவிட்டார்கள். இன்னொரு செடி தோட்டத்திலேயே நின்றது.

"அதையும் வெட்டிடலாமே. உறைபனி வரப்போகுது," என்றாள் நொலீன்.

"அது ஒப்பீட்டுச் செடி. இதோட முன்னேற்றத்தை எதோட ஒப்பிடறது பின்னே?"

"காஞ்சதைக் காயாததோட ஒப்பிட்டு என்னய்யா கண்டுபிடிக்கப் போறீங்க?"

"பார்வையாளரின் கருத்து பதிவு செய்யப்பட்டது," என்றார் கிளைவ்.

அட்டை மறைத்ததால் ஈரப்பதமானி வெளியிலிருந்து தெரியவில்லை. ஆகவே அரை மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. திறக்கும்போதெல்லாம் கராஜின் ஈரக்காற்று உள்ளே புகுந்து முள் துள்ளியது. முள் துள்ளியதால் நிலைமை கவலைக்கிடமாக இருப்பதாக உணரப்பட்டு, கால் மணிக்கு ஒரு தரம் திறப்பது என முடிவானது. அப்போது முள் இன்னும் துள்ளியது. சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு மானி வாங்கினார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று பார்க்கக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு குழு விவாதித்தது.

நொலீன் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்த அட்டையில ஒரு ஓட்டை போட்டா, திறக்காமலே பாக்கலாமே?"

லயனல் நிமிர்ந்தார். "அருமையான யோசனை. ரெண்டாம் கட்டத்துல சேர்க்கிறோம்."

"எதுக்கு ரெண்டாம் கட்டம்? இதோ கத்தரிக்கோல்."

"ஓட்டை போட்டா வெளிச்சம் உள்ளே போகும் நொலீன்."

"கதவைத் திறந்தா போகாதா?"

"கதவைத் திறக்கிறது ஆய்வு. அது வேற."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பு வலிக்கும்போது மனுஷி எவ்வளவு நேரம்தான் நின்று வாதாட முடியும்? கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

இதற்குள் இன்னொரு சிக்கல் தலைதூக்கியது. லயனலுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை. அந்த இரண்டு நாளும் அவர் வீடு மேல் அரசின் பணியிடம் ஆகிவிடுகிறது. மேல் அரசின் பணியிடத்தில் கஞ்சா இருக்கலாமா? யாரும் கேட்கவில்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை. என்றாலும் லயனல் தாமே கேட்டுக்கொண்டு, கூடாது என்று தாமே தீர்ப்பளித்தார். எனவே அந்த நாட்களில் காலை ஒன்பதுக்கு முன் ஃப்ரிட்ஜின் மின்சாரத்தைப் பிடுங்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, தோட்டத்துத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். மாலை ஐந்தானதும், வீடு மறுபடி வீடாகிவிட்டபடியால், குலுங்கக் குலுங்கத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மின்சாரமில்லாத பெட்டிக்குள் பகல் முழுக்க ஈரம் புழுங்கியது.

ஏப்ரல் கடைசியில் வரும் அன்சாக் நாளுக்கு மறுநாள் விடிகாலையில் உறைபனி விழுந்தது. இந்த ஊரில் தக்காளி வைத்த எவருக்கும் தெரிந்த கணக்கு இது, குழுவுக்கு மட்டும் தெரியவில்லை. ஒப்பீட்டுச் செடி கறுத்துச் சுருண்டு கிடந்தது. நொலீன் சமையலறை ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டு ஆறிப்போன தேநீரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒப்பீட்டுச் செடி தவிர்க்கவியலாத காரணங்களால் ஒப்பீட்டிலிருந்து விலகிக்கொண்டதாக லயனல் குழுவுக்குத் தெரிவித்தார்.

அன்று வேலியோரம் கோரல் வந்தாள்.

"என்னோடது தப்பிச்சுது. வெயில் விழற வடக்குச் சுவரை ஒட்டி நிக்குதில்ல, சுவர் சூடு காப்பாத்திருச்சு. கிளைவ் வேற உங்க பெட்டி மாதிரியே ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு உயிரை எடுக்கறார். நான் முடியவே முடியாதுன்னுட்டேன். நொலீன் தன் வாயால நல்லாயிருக்குன்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்னேன்."

"சொல்லமாட்டேன். கவலைப்படாதே," என்று சிரித்தாள் நொலீன். பல நாளுக்குப் பிறகு சிரித்தது அன்றுதான்.

ஆனால் திட்டத்தின் புகழ் தெருவெங்கும் பரவிவிட்டது. ஒருநாள் மாலை அக்கம்பக்கத்தார் அகலவாய் ஒயின் கோப்பைகளோடு கராஜில் கூடினார்கள். போன வருஷம்வரை திராட்சைத் தோட்டத்து மண்ணின் குணம் பேசிய அதே வாய்கள், இப்போது கஞ்சா மொட்டின் குணம் பேசின. பகிர்ந்துகொள்வது குற்றமாதலால் முகர மட்டுமே அனுமதி. முகர்வதும் ஒருவகையில் கொடுக்கல் வாங்கல்தானே என்று ஒருவர் ஐயம் எழுப்ப, கிளைவ் தீர்த்துவைத்தார்: உள்ளே இழுத்த மூச்சை வெளியே எடுத்துச் செல்லாமல் கராஜிலேயே விட்டுவிட வேண்டும். அத்தனை பேரும் வரிசையில் வந்து, குனிந்து, இழுத்து, விட்டுவிட்டுப் போனார்கள்.

"பைன் பிசின்," என்றார் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு.

"எலுமிச்சைத் தோல். அப்புறம், கொஞ்சம் நனைஞ்ச நாய்," என்றாள் இன்னொருத்தி பரவசத்தோடு.

"அந்த வெள்ளைப் படலத்தைப் பாருங்க. எப்பேர்ப்பட்ட பளபளப்பு!" என்றார் லயனல்.

நொலீன் எட்டிப் பார்த்தாள். "லயனல், அது பூஞ்சை."

சபையில் ஏதோ அசிங்கமான வார்த்தை சொல்லிவிட்டவளைப்போல் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"உயர்ந்த ரக பாலாடைக்கட்டியிலேயும் பூஞ்சைதான் இருக்கு," என்றார் கிளைவ். அதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு அதைப் பூஞ்சை என்று யாரும் சொல்லவில்லை.

மறுவாரம் முதல் கட்ட நிறைவு மதிப்பீடு நடந்தது. நொலீன் சோபாவில் சுடுநீர்ப் பையை இடுப்புக்கு அணைகொடுத்துச் சாய்ந்திருந்தாள். அவள் சரியாகத் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. முழு விளைச்சலும் குப்பை என்பது அவளுக்குத் தெரியும். லயனல் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த ஆவலைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓர் அறை விடலாம்போலவும் இருந்தது.

"பயனாளி என்கிற முறையில, திட்டத்துல உனக்கு எவ்வளவு திருப்தி? ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்."

பூஜ்யம் என்று சொல்ல வாயெடுத்தாள். பூஜ்யம் கிடையாது. பூஜ்யத்தை அந்த அளவுகோலிலிருந்து எடுத்ததே அவள்தான். ஒன்று என்று சொன்னால்? நேர்காணல் வரும். கிளைவ் வருவார். ஏன் திருப்தியில்லை, எந்த அம்சத்தில் திருப்தியில்லை, எப்படிச் செய்திருந்தால் திருப்தி வந்திருக்கும் என்று வலிக்கும் இடுப்போடு உட்காரவைத்துக் கேட்பார்கள். பிறகு இரண்டாம் கட்டம் வரும். ஐந்து என்று சொன்னால் எல்லாம் இன்றோடு முடியும். எப்படியும் கோரலின் பாட்டில் வேலியோரம் வந்துவிடும்.

"அஞ்சு," என்றாள்.

லயனலின் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியும் நொலீன்," என்று அவள் கையை அழுத்திவிட்டு, நேரே கிளைவ் வீட்டுக்கு ஓடினார்.

நொலீன் காத்திருந்தாள். வேலியோரம் தினமும் பார்த்தாள். பாட்டில் வரவில்லை, கோரலையும் காணவில்லை. வலியில் கிடந்த இரவுகளில், எந்நேரமும் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டுதான் விடியவைத்தாள்.

கடைசியில் ஒருநாள் கோரல் வாசல் வழியாகவே வந்தாள். கையில் ஜாம் பாட்டில். மூடியைத் திறந்ததும் ஈரக் கோணிச் சாக்கின் நாற்றம் கிளம்பியது. உள்ளே இருந்ததெல்லாம் வெள்ளை வெளேரென்று மயிர் பிடித்திருந்தது.

"என்னடி இது?"

"பெட்டியில வெச்சேன்," என்றாள் கோரல். "நல்லா வந்ததும் உனக்குச் சொல்லலாம்னு இருந்தேன். முழுச் செடியையும் வெச்சேன்டி."

"உனக்கென்ன பைத்தியமா? ஏன் வெச்சே?"

"நீதானே அஞ்சு குடுத்தே!"

"நான் அஞ்சு குடுத்தா? அந்த அஞ்சு எப்படி வரும்னு உனக்குத் தெரியாதா? நீயும் நானும் சேர்ந்து முப்பது வருஷமா..."

"மத்தவங்க குடுத்ததுன்னா நம்பியிருக்க மாட்டேன். நீ குடுத்தேன்னதும் நம்பிட்டேன்."

நொலீனுக்கு அழுகை வந்தது. இந்தக் குளிர்காலம் முழுவதும் இனி ஒரு நாள்கூடத் தூக்கம் கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வாசலில் செருப்புச் சத்தம். லயனலும் கிளைவும் உள்ளே வந்தார்கள். பாட்டிலைப் பார்த்ததும் லயனலின் முகம் மலர்ந்தது.

"அடடா, உங்களுக்கும் வெள்ளை பூத்திருச்சா! கோரல், ஒரே ஒரு கேள்வி. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்?"

கோரல் பாட்டிலைப் பார்த்தாள். ஒயின் கோப்பையும் பேனாவுமாக நின்ற கிளைவைப் பார்த்தாள். நொலீனைப் பார்த்தாள்.

"அஞ்சு," என்றாள் கோரல்.

"பாத்தியா நொலீன்!" என்றார் லயனல். "உன் ஒருத்தியோட அஞ்சை வெச்சு ரெண்டாம் கட்டம் ஆரம்பிக்க முடியாதுன்னு இருந்தோம். இப்ப ரெண்டு ஆச்சு."

இரண்டு பேரும் பெரிய ஃப்ரிட்ஜ் பார்க்கக் கடைக்குக் கிளம்பினார்கள். நொலீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, தேநீர் வைக்கப் போனாள்.