முப்பதாவது ஆள்

அன்புள்ள அக்கா ஆர்டித்துக்கு,

லைமாவிலிருந்து தம்பி லைல் எழுதுவது. இங்கே நானும் நடீனும் சுகம், டயர்க் கடையும் சுகம். மன்சியில் நீயும் நார்ப் அத்தானும் அவருடைய புது முழங்காலும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய் என்பதால் எழுத்தில் அனுப்புகிறேன்.

கல்லூரியின் கௌரவச் சங்கத்தில் நம் குடும்பத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. உள்ளே போனது நான் இல்லை, உன் தம்பி பொண்டாட்டி நடீன்.

ஆரம்பித்து வைத்தது நீதான். போன வருஷத்துக்கு முந்தைய நன்றி நாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே நான் வாயை விட்டது ஞாபகம் இருக்கும். வயதான பிறகு படிக்க வருகிறவர்களுக்கென்று எங்கள் மாலைக் கல்லூரியில் ஒரு கௌரவச் சங்கம் இருக்கிறது, அதில் சேர்ந்து, பட்டமளிப்பு அன்று கழுத்தில் தங்க நிறக் கயிறு தொங்க மேடை ஏறப் போகிறேன் என்றேன். நீ சாஸ் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "டேய் லைல், உனக்கும் கயித்துக்கும் உள்ள சம்பந்தம் கார் கூரையில டயரைக் கட்டுறதோட சரி" என்றாய். அத்தானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், ஊரில் எல்லாருக்கும் டயர்க்காரன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கயிறு இல்லாமல் உன் முன்னால் வந்து நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

போன வசந்தத்தில் பட்டியல் போட்டார்கள். சங்கத்தின் சட்டம் என்னவென்றால், வயதான பிறகு படிக்க வந்தவர்களில், மதிப்பெண்ணில் மேலே உள்ள ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் இடம். நாங்கள் மொத்தம் இருபத்தொன்பது பேர். நான் ஆறாவது. சங்கத்தைக் கவனித்துக்கொள்கிற யோலாண்டா ப்ரைஸ் என்ற பேராசிரியையின் அறைக்கு நேராகப் போனேன்.

"மேடம், இருபத்தொன்பதுல அஞ்சுல ஒண்ணுன்னா அஞ்சே முக்காலுக்கு மேல வருது. ஆறுன்னு முடிச்சுக்கலாமே."

"முக்கால் ஆளைச் சேர்க்கிற வழக்கம் இல்லைங்க."

"நான் முழு ஆளாத்தானே வந்திருக்கேன்."

"முழு ஆளுதான். ஆறாவது ஆளு."

"கல்லூரி வேன் டயரெல்லாம் மொட்டையா இருக்குது, வர்றப்ப பார்த்தேன்."

"அதை நீங்க சொல்லலை, நான் கேக்கலை" என்று அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன் அக்கா, இப்படி ஒரு கல் சுவரைப் பார்த்ததில்லை. கடைசியில், எத்தனை பேர் இருந்தால் ஆறு பேரைச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். முப்பது என்றார். அவ்வளவுதானே என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எனக்கு மேலே இருக்கிற ஐந்து பேரில் ஒருத்தி இரவு வேலை பார்க்கிற நர்ஸ், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு எல்லாப் பாடத்திலும் ஏ வாங்குகிறவள். அவளையோ மற்ற நாலு பேரையோ என்னால் அசைக்க முடியாது. ஆனால் எனக்குக் கீழே ஒரு ஆளைக் கொண்டுவந்து சேர்க்க முடியும் இல்லையா. சேருகிற ஆள் ஒரு வருஷம் தாக்குப்பிடித்துப் பாஸ் செய்தால்தான் தலைக்கணக்கில் வரும், அது ஒன்றுதான் சிக்கல். பழுதான காரை இழுத்துப் போகிற டெல்மரைப் பிடித்து, அவன் லாரிக்கு நாலு டயர் போட்டுத் தருகிறேன் என்று கையெழுத்து வாங்கினேன். அந்தப் புண்ணியவான் இரண்டாவது வகுப்புக்குப் போகும்போது, நிறுத்தக்கூடாத இடத்தில் ஒரு கார் நிற்கிறதைப் பார்த்துத் தொழில் பாசத்தில் இழுத்துக்கொண்டு போய்விட்டான். அது அவனுடைய சரித்திரப் பேராசிரியரின் கார். அத்தோடு அவன் படிப்பும் போச்சு, டயரை மட்டும் திருப்பித் தரவில்லை.

மிச்சம் இருந்தது நடீன். கல்யாணம் ஆன நாளிலிருந்து கடையில் கல்லாவைப் பார்க்கிறவள், டயரை அமுக்கிப் பார்த்தே வாடிக்கையாளர் பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவாள், படிப்பு ஆசை என்று அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை.

"நீ சும்மா பேர் குடுத்தா போதும்" என்றேன்.

"சும்மா போய் உக்காந்துட்டு வரணுமா?"

"பாஸ் பண்ணணும். சி வாங்கினா போதும்."

"பி வாங்கினா கல்லூரி இடிஞ்சு விழுந்துருமோ?"

"உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்னு சொன்னேன்."

"பெரிய மனசு உனக்கு. சரி, ஞாயித்துக்கிழமை சமையல் உன்னோடது."

ஒத்துக்கொண்டேன். இங்கேதான் அக்கா நான் செய்த முட்டாள்தனம். இவள் எங்கே ஃபெயிலாகி என் முப்பதைக் கெடுத்துவிடுவாளோ என்ற பயத்தில் நானே உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தேன். புள்ளியியலில் சராசரி, விலகல் எல்லாவற்றையும் கடை வாசலில் தேய்ந்த டயரை வரிசையாக அடுக்கி வைத்து விளக்கினேன், வாடிக்கையாளர் ரெண்டு பேர் நின்னு கேட்டுட்டு நல்லா இருக்குன்னு வேற சொல்லிட்டுப் போனாங்க. அவள் முதல் ஏ வாங்கியபோது கேக் வாங்கி வெட்டியதும் நான்தான். மூணாவது ஏ வந்தப்பதான் இவ என்னையே தாண்டிருவான்னு எனக்கு உறைச்சுது. அப்புறம் அவ புத்தகத்தை எடுத்தாலே நான் கால்பந்து ஆட்டத்தைச் சத்தமா வைக்க ஆரம்பிச்சேன், அவ பையைத் தூக்கிக்கிட்டு நூலகத்துக்குப் போயிட்டா, நான் ஞாயித்துக்கிழமை கறியும் பீன்ஸும் போட்டுச் சில்லி கிண்டிக்கிட்டு ஒத்தையில ஆட்டம் பார்த்துக்கிட்டு இருந்தேன். பொறுக்க மாட்டாமல் ஒரு நாள், "மரியாதைக்கு ஒரு பியாவது வாங்கேன்" என்று கேட்டேவிட்டேன். "நான் என்ன பண்ண, நீ சொல்லிக் குடுத்த லட்சணம் அப்படி" என்கிறாள்.

போன மாதம் யோலாண்டா ப்ரைஸ் கடைக்கே போன் போட்டார். "உங்க கணக்கு சரியா வந்துருச்சு மிஸ்டர் வெர்ஹாஃப். முப்பது பேர், ஆறு இடம்."

"ரொம்ப சந்தோஷம் மேடம். அப்ப நான்?"

"ஏழாவது. உங்க மனைவி மூணாவது. போனை அவங்ககிட்ட குடுக்கிறீங்களா?"

குடுத்தேன், வேற என்ன செய்ய. அவள் பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு டயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விழா கல்லூரி உணவுக்கூடத்தில் நடந்தது. கோழியும் பச்சை பீன்ஸும் போட்டார்கள். மெழுகுவத்தி ஏற்றுவது சங்கத்து வழக்கம், ஆனால் தீயணைப்பு விதி என்று பேட்டரி மெழுகுவத்தி, நடீனுடையது மட்டும் எரிய மாட்டேன் என்றது, நான்தான் எழுந்து போய்த் தட்டி எரிய வைத்தேன். கயிறும் சட்டையில் குத்துகிற சங்கச் சின்னமும் அணிவிக்க ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய ஒருவரை அழைக்கலாம். அவள் மைக்கில், "என்னைப் படிக்க வச்சது என் வீட்டுக்காரர், சி போதும்னு சொன்னவரும் அவர்தான், அவரே வரட்டும்" என்றாள். மொத்தக் கூடமும் சிரித்தது, அந்த நர்ஸ் விசிலே அடித்துவிட்டாள். போய் நின்றேன். எத்தனையோ இரும்புச் சக்கரத்தை நிமிர்த்திய கையால் நகத்தளவு சின்னத்தின் ஊசியைத் திறக்க முடியவில்லை.

"ஆடாம நில்லு நடீன்."

"நான் ஆடலை. நீதான் ஊசியைத் தலைகீழாப் பிடிச்சிருக்க."

மாட்டிவிட்டேன். கயிற்றையும் போட்டுவிட்டேன். அந்தத் தங்க நிறத்தில் அவள் கழுத்து எப்படி இருந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய், விடு. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் அதைக் கழற்றவே இல்லை, ஐஸ்கிரீம் கடையில் இறங்கியபோதும்கூட. ஆக, அக்கா, என் கயிறு ஆசை அன்றோடு தீர்ந்தது. அடுத்த மே மாதம் கயிறு இல்லாமலே மேடை ஏறுகிறேன், நீ முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகச் சிரித்துக்கொள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இனி அந்தச் சங்கத்தின் பேச்சை எடுக்கப் போவதும் இல்லை.

அத்தானின் முழங்காலுக்குப் பலமும் உங்கள் பழைய காருக்கு ஆயுளும் கூட வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி
லைல் வெர்ஹாஃப்

பின்குறிப்பு: உறையில் போடும்போது நடீன் வாங்கிப் படித்தாள். "ஏழு பேருக்கு இடம் வேணும்னா மொத்தம் எத்தனை பேர் இருக்கணும்?" என்றாள். முப்பத்தைந்து என்றேன். "அப்ப அஞ்சு ஆளு. நாலு பேரை நான் புடிச்சாச்சு, டெல்மர் பொண்டாட்டியும் சேர்த்து. உங்கக்காவை நீ பாத்துக்க" என்று விண்ணப்பத்தையும் இதோடு வைத்துவிட்டாள். வீட்டில் இருந்தபடியே கணினியில் படிக்கலாம். நம் இருவருக்கும் ஒப்பந்தம் இது: கட்டணம் என்னுடையது. உன் காருக்கு நாலு குளிர்கால டயர், பொருத்துகிற கூலி கிடையாது. பதிலுக்கு நீ ஒரு வருஷம் தாக்குப்பிடித்து எல்லாப் பாடத்திலும் சி வாங்க வேண்டும். ஒரு பி வந்தால் டயர் இரண்டுதான். ஏ வந்தால் நாலுக்கும் முழு விலை. பாடம் சொல்லித் தருவது ஒப்பந்தத்தில் இல்லை.