ஜூனிபரின் நாடித்துடிப்பு

"எழுபத்தெட்டு!" என்று மணிக்கட்டைப் பார்த்து அலறினான் வெண்டல்.

ஐம்பது மைல் குதிரைச் சவாரியில் பாதித் தூரம் முடிந்திருந்தது. வெர்மான்ட் மலை முழுக்க மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். வெண்டல் காலையிலிருந்து கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

நடுவழி முகாமுக்கு வந்த அரை மணி நேரத்துக்குள் குதிரையின் நாடி அறுபத்துநாலுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கால்நடை மருத்துவர் நிறுத்திவிடுவார். அவன் குதிரை ஜூனிபரின் வயிற்றுப்பட்டையில் செருகிய வில்லை, துடிப்பை எண்ணிக் கடிகாரத்துக்கு அனுப்பும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். கடந்த இரண்டு வருஷமும் இதே முகாமில் கடிகாரம் எழுபதைத் தாண்டிக் கூவியது. மருத்துவரிடம் காட்டி மானம் போவானேன் என்று வெண்டலே குதிரையை வீட்டுக்குத் திருப்பிவிட்டான்.

இந்த முறையும் முடிக்காவிட்டால் ஜூனிபரை மச்சினன் ட்வைட்டுக்குக் கொடுத்துவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். ட்வைட் அதைப் பூசணித் தோட்டத்தில் சுற்றுலா வண்டி இழுக்க விடுவான்.

"பாத்துட்டே நின்னா எறங்கிடுமா? தண்ணி ஊத்துடா" என்றாள் கூட வந்த டோரீன்.

ஓடையிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரை மேட்டின்மேல் ஓட்டமாகத் தூக்கி வந்து ஊற்றினான். ஜூனிபர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"தொண்ணூத்தாறு!"

"தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்திருக்கும்" என்றான் இன்னொரு நண்பன் கர்ட்டிஸ், டோனட்டை மென்றபடி. "சேணத்தக் கழட்டு. பாரம் குறையட்டும்."

வெண்டல் சேணத்தைப் பட்டையோடு அவிழ்த்து, தோளில் போட்டு, முக்கி முனகி வண்டிவரை கொண்டுபோய் வைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினான்.

"நூத்திப் பத்து! ஐயோ, நூத்திப் பத்துடா!"

ஜூனிபர் கர்ட்டிஸின் அடுத்த டோனட்டை முகர்ந்துகொண்டிருந்தது.

"உள்ள இவ்வளவு பதறுது, மொகத்துல காட்டுதா பாரு" என்றான் வெண்டல் தழுதழுத்து. "அவ வைராக்கியம் அப்படி."

"ஏதாவது பாடிக் காட்டேன். அமைதியாகும்" என்றாள் டோரீன்.

"வேணாம் டோரீன். இவன் பாடினா செத்த குதிரையே எந்திரிச்சு ஓடிரும்" என்றான் கர்ட்டிஸ்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. ட்வைட்.

"என்ன அத்தான், குதிரை எப்ப வருது? வண்டிக்கு பெயின்ட் அடிச்சாச்சு. குதிரைக்குப் பூசணி மாதிரி ஒரு தொப்பிகூட வாங்கிட்டேன். காது நுழைக்க ரெண்டு ஓட்டை போட்டிருக்கு!"

"அவ தொப்பி போட மாட்டாடா!" என்று கத்திவிட்டுக் கைபேசியை அணைத்தான் வெண்டல். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

"நூத்தி முப்பத்தெட்டு."

"ட்வைட் குரல் அவளுக்கே பிடிக்கல" என்றான் கர்ட்டிஸ்.

நேரம் முடிந்துவிட்டது. மருத்துவர் ஹூலிஹான் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு நேரே வந்தார். வெண்டல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி. அவர் ஜூனிபரின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் கருவியை வைத்து, உதடு அசையாமல் எண்ணினார்.

"நாப்பத்திநாலு. அருமையான குதிரை. தாராளமா ஓடலாம்."

"பாவம் பாத்துச் சொல்லாதீங்க டாக்டர்!" வெண்டலுக்குக் கண் கலங்கியது. "கடிகாரம் பொய் சொல்லாது, ரெண்டு வருஷமா இதே கதைதான். நீங்களே பாருங்க, நூத்தி நாப்பது!"

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டை அவிழ்ந்து வெறும் முதுகோடு நின்ற ஜூனிபரைப் பார்த்தார். பிறகு வெண்டலின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்துக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நிதானமாக எண்ணினார்.

"கடிகாரம் சரியாத்தான் இருக்கு" என்றார். "குதிரை போகட்டும், நீங்க உக்காருங்க. விதிப்படி ரெண்டு வருஷம் முன்னாடியே உங்களைத்தான் நிறுத்தியிருக்கணும்."