சாவி தேவையில்லை

"சத்தம் வராதுன்னும் போடும்மா," என்றார் பூட்டுக்காரர்.

அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த டிசைன் பெண் அதையும் தட்டினாள். திரையில் பூசணிக்காய் பருமனுக்கு ஒரு பூட்டு. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் வளர்ந்துகொண்டே போனது. 'எந்த வீட்டுப் பூட்டையும் ஐந்தே நிமிடத்தில் திறப்போம். சாவி தேவையில்லை. சத்தம் வராது. நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம்.'

கடைசி வரி அவளுடைய யோசனை. வெளியூரில் சாவியைத் தொலைத்தவர்கள் நிம்மதியாகத் திரும்பி வரலாம் அல்லவா? பூட்டுக்காரர் சொக்கிப்போய் ஐந்நூறு அடிக்கச் சொன்னார்.

அவருக்கு இருந்த அவசரம் கொஞ்சநஞ்சமல்ல. மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கடை வைத்து, இருபத்திரண்டு வருடமாகப் பூட்டுத் திறந்து வருகிற மனிதர். ஆறு மாதமாகப் போன் மூச்சுவிடவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வீட்டுக்கே வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த மாதம் முடிவதற்குள் பத்துப் பேராவது பூட்டுத் திறக்கக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து அவருடைய கிடங்கில் மேற்பார்வை வேலை. கழுத்தில் அடையாள அட்டை, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி.

மச்சான் நல்லவர். நல்லவர்களிடம் மாட்டேன் என்று சொல்வதுதான் பெரிய பாடு. நாள் முழுக்க அட்டைப்பெட்டி எண்ணுவதைப் பூட்டுக்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பூட்டுக்குள் கம்பியை விட்டுத் துழாவும்போது, இதோ இதோ என்று போக்குக் காட்டிவிட்டுக் கடைசியில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வருமே, அது இல்லாமல் ஒரு பிழைப்பா? ஆதரவுக்கு மனைவியைப் பார்த்தார். அவளோ, "அண்ணன் சொல்றதும் நியாயம்தானே," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். கட்டின மனைவியே கட்சி மாறிவிட்டாளே என்று அவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஐந்நூறு நோட்டீஸும் கதவிடுக்குகளில் நுழைந்தன. ஒரு வாரம் ஆகியும் ஓர் அழைப்பு இல்லை. ஆனால் தெருவில் ஒரு மாற்றம் தெரிந்தது. வீட்டுக்கு வீடு கதவில் இரண்டாவது பூட்டுத் தொங்கியது. பூட்டு விற்கும் இரும்புக் கடைக்காரர் இவரைக் கண்டாலே எழுந்து வந்து நலம் விசாரித்தார்.

கீழ் வீட்டில் இருக்கும் டீச்சரம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் திருத்துவதிலிருந்து ஓய்வு பெறாதவர், நோட்டீஸோடு மாடியேறி வந்தார்.

"தம்பி, இதைப் படிச்சா உதவிக்கு வர்றவர் மாதிரியா இருக்கு? நாங்க எப்ப ஊருக்குப் போறோம்னு விசாரிக்கற மாதிரி இருக்கு."

அதுவும் சரிதான். ஜனங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. முகத்தைக் காட்டினால் நம்பிக்கை வந்துவிடும் என்றாள் டிசைன் பெண். பூட்டுக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு படம். அரசாங்க அட்டைக்காகப் பல்வலியோடு உட்கார்ந்து எடுத்தது. அதை அரைப் பக்கத்துக்குப் பெரிதாக்கினாள். பார்க்கிறவர்கள் நின்று படிக்க வேண்டும் என்பதற்காக மேலே கொட்டை எழுத்தில் 'இவரைத் தெரியுமா?' என்று போட்டாள். கீழே 'உடனே அழையுங்கள்' என்று போன் நம்பர். தொழிலைப் பற்றிய வரிகள் அடியில் எறும்பு சைஸில் ஒதுங்கிக்கொண்டன. கதவிடுக்கு ராசியில்லை என்று இந்தத் தடவை சுவர், மின்கம்பம், பஸ் நிறுத்தம் ஒன்றையும் விடாமல் ஒட்டினார்.

மறுநாள் காலையிலேயே போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"சார், அந்த ஆளை நேத்து சாயங்காலம் மார்க்கெட்ல பார்த்தேன். நீலச் சட்டை. என் பேர் வெளிய வரக்கூடாது."

மத்தியானத்துக்குள் இப்படி ஆறு பேர். இதெல்லாம் கணக்கில் வருமா என்று மச்சானைக் கேட்டார். துப்பு கொடுத்ததெல்லாம் கணக்கில் வராது என்று மச்சான் கறாராகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்றார். கையில் நோட்டீஸ். நோட்டீஸையும் இவர் முகத்தையும் மூன்று தடவை மாறிமாறிப் பார்த்தார்.

"இது எங்க ஸ்டேஷன்ல ஒட்டினது இல்லையே. உங்களை யார் சார் தேடறாங்க?"

"நான்தாங்க ஒட்டினேன்."

"உங்களை நீங்களே தேடறீங்களா?"

விளக்கிச் சொல்லி அவரை அனுப்பி வைப்பதற்குள் படிக்கட்டு பூராவும் ஆட்கள் நின்றுவிட்டார்கள். பூட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்தார். மானம் போயிற்று, மாதம் முடியப் பத்தே நாள். கழுத்தில் அடையாள அட்டை உரசுவது போலவே இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி, "படம் வேண்டாம், பெரிய பேச்சு வேண்டாம். இருக்கறதைச் சொல்லுங்க, போதும்," என்றாள். மறுநாள் வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்தில் மூன்றாவது நோட்டீஸ் தயாரானது. 'சாவி தொலைந்துவிட்டதா? கூப்பிடுங்கள். வந்து திறந்து தருகிறேன்.' அவ்வளவுதான். டிசைன் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதை நானே வீடு வீடாக் கொடுத்துட்டு, பழைய நோட்டீஸையெல்லாம் திருப்பி வாங்கிட்டு வர்றேன்," என்று மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போனவள் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. வீட்டு வாசலில் நின்று பேச ஆரம்பித்தால் அவளுக்கு நேரம் போவது தெரியாது.

அதற்கு மறுநாள் முதல் அழைப்பு. கீழ் வீட்டு டீச்சரம்மாவேதான். சாவியைக் காணோமாம். ஓடினார். டீச்சரம்மா முன்னேற்பாடாக வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிடத்தில் 'க்ளிக்'. பூட்டுக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பிறகு பிடித்தது மழை. தையல்காரர், இரும்புக் கடைக்காரர், மூன்றாம் மாடிப் புதுத் தம்பதி என்று நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. தையல்காரரின் பூட்டிய வீட்டுக்குள் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது தானாகவே ஓடுகிற மிக்ஸி என்றார். விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று பூட்டுக்காரர் வேலையைப் பார்த்தார். எல்லாம் அந்தக் கறுப்பு எழுத்தின் மகிமை. எளிமையாகச் சொன்னால் ஜனங்களுக்குப் புரிகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விளம்பரக் கலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மாதத்தின் கடைசி நாள் விடிந்தபோது கணக்கு ஒன்பதில் நின்றது. காலையில் மச்சான் வந்தார். அடையாள அட்டையைக் கையோடு கொண்டு வந்திருந்தார். தங்கை போட்ட டீயைக் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை பார்ப்போம் என்று சொல்லிக் கிளம்பினார். பூட்டுக்காரர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து மணி. பதினொன்று. பசிக்கவில்லை.

பன்னிரண்டுக்குப் போன் அடித்தது. மச்சான்.

"மாப்பிள்ளை, கிடங்குச் சாவியைக் காணோம். வாசல்ல மூணு லாரி நிக்குது. கொஞ்சம் வாங்களேன்."

போனார். மூன்றரை நிமிடம். லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். மச்சான் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து, பார்த்து, இரண்டாக மடித்தார்.

"உங்களை நாற்காலியில உட்கார வைக்கப் பார்த்தேனே, நான் ஒரு மடையன்," என்று பூட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மூன்றாவது நோட்டீஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். இன்னும் ஆயிரம் அடிக்கப் போவதாக மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே தன்னைவிடச் சந்தோஷமான ஆள் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. டீச்சரம்மா. பின்னால் தையல்காரர், இரும்புக் கடைக்காரர், புதுத் தம்பதி எல்லாரும் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். டீச்சரம்மா பூட்டுக்காரரைத் தாண்டி மனைவியைப் பார்த்தார்.

"பத்தும் முடிஞ்சுதுல்லம்மா, அந்த பிஸ்கட் டப்பாவை எடு, எங்க சாவியைக் கொடுத்துடு. உங்க அண்ணன் சாவியை மட்டும் ரெண்டு நாள் கழிச்சுக் கொடுக்கலாம்."