ஜெயம்மா சொன்ன 'பன்னி'யும் நான் எழுதிய 'பன்னி'யும்

"திங்கட்கிழமை, காலை 7.42. தர்ஷினி ஓட்டல் வாசல். ஜெயம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, 'பன்னி, பன்னி' என்றார். மனசு நிறைந்தது. சாட்சி: எனக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு நின்றவர்."

இது என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம், முதல் வரி. கையெழுத்து என்னுடையது. மை நீலம். மறுக்க வழியில்லை. நான்கு வருடம் ஆகியும் (சரியாகச் சொன்னால் நான்கு வருடம், இரண்டு மாதம், ஒன்பது நாள்) இதைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு பலர் இருக்கும்போது நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

பெங்களூருக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். கன்னடத்தில் 'வாருங்கள்' என்று மரியாதையாக அழைக்கும் சொல் அது. 'பஸ்'ஸில் வருகிற ப. 'பல்'லில் வருகிற ப போட்டுப் படித்தால் சேற்றில் புரளும் பிராணி. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள் வைத்திருக்கிறோம்; ஒன்றைக்கூட இந்த வேலைக்கு ஒதுக்கவில்லை. ஒரே 'ப' இரண்டு ஷிப்ட் பார்க்கிறது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தொம்மலூரில் இருக்கிறது. வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம். அந்த வரியைப் படிக்கும்போது என் காதில் சரியாகத்தான் விழுகிறது. பிறர் வாயில் எப்படி விழும் என்று யோசிக்காதது என் தப்பு. (ஒரே தப்பு. இதற்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டேன்.)

தப்பின் ஆரம்பம் என் அலுவலகம். ஒருநாள் எல்லோருக்கும் மெயில் வந்தது: அன்றாட வாழ்க்கையில் மகிழ்ச்சியைக் கண்டெடுப்பது எப்படி என்று ஒரு வாரப் பயிற்சி. ஆளுக்கொரு நோட்டு. தினம் ஒரு சின்ன சந்தோஷத்தை அவரவர் தாய்மொழியில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து பயிற்சியாளர் வருவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் ஐயா, சந்தோஷத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டுமா? அது என்ன அட்டெண்டன்ஸா? ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. நோட்டு என்று ஒன்று கைக்கு வந்தால் அரைகுறையாக எழுத வராது. பால் பாக்கெட் எத்தனை மணிக்கு வந்தது என்று பதினேழு வருடமாக எழுதி வைத்திருப்பவன் நான். (இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் இருக்கிறது.) ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நாள், நேரம், இடம், சம்பவம், சாட்சி. கடைசிக் கட்டத்தின் தலைப்பு, மகிழ்ச்சி: உண்டு / இல்லை.

எழுதுவதற்கு எனக்கு இருந்தது ஒன்றுதான். அலுவலகம் போகும் வழியில் ஒரு தர்ஷினி, நின்றபடியே இட்லியை விழுங்கிவிட்டு ஓடுகிற கடை. அங்கே டோக்கன் கொடுப்பவர் ஜெயம்மா. பத்து வருடமாக, நான் படியில் கால் வைத்ததும் தலையை நிமிர்த்தி, 'பன்னி சார், பன்னி' என்பார். (பஸ் ப.) அன்றைய நாளில் எனக்கு 'வாங்க' என்று சொல்கிற முதல் ஆள் அவர்தான். பல நாட்களில் கடைசி ஆளும் அவரேதான். அதைத்தான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மதியம். பயிற்சியாளர் காதில் மாட்டிய மைக்கோடு வந்து எங்களை மூன்று முறை கைதட்ட வைத்தார். பிறகு, "பக்கத்துல இருக்கறவங்க நோட்டை வாங்கி சத்தமா படிங்க. சந்தோஷத்தைப் பகிர்ந்தா பெருகும்" என்றார். என் பக்கத்தில் இருந்தவன் செந்தில். சென்னையிலிருந்து வந்து ஆறு மாதம். அவனுக்குத் தெரிந்த கன்னடம் 'கொத்தில்லா' ஒன்றுதான். தெரியாது என்று பொருள். அது உண்மையும்கூட.

செந்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். பல் ப. முதல் வரியிலேயே அறை குலுங்கியது.

"சார், பன்னின்னு திட்டுனா உங்களுக்கு மனசு நிறையுதா சார்?"

"டேய், அது கன்னடம்டா..."

"இருங்க சார், செவ்வாய்க்கிழமை வருது. 'இன்று என் மனைவியையும் பன்னி என்றார். இருவருக்கும் மகிழ்ச்சி.' ஐயோ, குடும்பத்தோட போயிருக்காரு!"

புதன்கிழமை வரியை என் எதிரிக்கும் படிக்கக் கொடுக்க மாட்டேன். அன்று மாமியாரையும் அழைத்துப் போயிருந்தேன். "'பன்னி அம்மா, பன்னி' என்றார். மாமியார், 'நாற்பது வருஷத்துல என்னை இவ்வளவு மரியாதையா யாரும் கூப்பிட்டதில்லை' என்றார்." செந்திலால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர். நோட்டை மூடிவிட்டான். வியாழக்கிழமை வரி படிக்கப்படவே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பைக்கூட மன்னித்துவிடலாம். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஒருத்தங்க இப்படி கூப்பிடறதுல ஒரு மனுஷனுக்கு சந்தோஷம் வருதுன்னா, உள்ள எவ்வளவு வலி இருக்கும்?" என்று சொல்லி, எனக்காக எல்லோரையும் ஒரு நிமிடம் கண்ணை மூடச் சொன்னார். மூடினார்கள். நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன். அறுபத்தைந்து நொடி.

மறுநாள் சனிக்கிழமை, 7.42. படியில் கால் வைத்தேன். ஜெயம்மா நிமிரவில்லை.

"ஏனு பேக்கு?"

'என்ன வேண்டும்' என்று பொருள். (இதையும் தமிழில் படித்துப் பாருங்கள், எப்படி இருக்கிறதென்று.)

"ஜெயம்மா, என்னாச்சு?"

"ஏனும் இல்லா சார். உங்க ஆபீஸ் பையன் நேத்து சாயங்காலம் பந்து கேட்டான். 'எங்க சாரை ஏன் பன்னின்னு கூப்பிடுறீங்க'ன்னு. கூட நாலு பேரு, ஒரே நகு. ஹத்து வருஷமா மரியாதையா கூப்பிட்டேன் சார். ஆபீஸ்ல போயி கம்ப்ளேன்ட் கொட்டித்தீரா?" ('பந்து' என்றால் வந்து, 'நகு' சிரிப்பு, 'ஹத்து' பத்து, 'கொட்டித்தீரா' கொடுத்தீர்களா.)

செந்தில்! நல்லது செய்கிறேன் என்று நினைத்துப் போயிருக்கிறான். நான் விளக்கினேன். பஸ் ப, பல் ப, இருநூற்று நாற்பத்தேழு. பின்னால் வரிசை நீண்டது. "டோக்கன் ஹேளி சார்" என்றார். சொன்னேன். அன்றைய இட்லி வழக்கமான இட்லிதான். பாதியிலேயே தட்டை வைத்துவிட்டு வந்தேன்.

ஆதாரம் கையில் இருக்கிறபோது நாம் ஏன் தலை குனிய வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போனேன். "நான் உங்களைப் புகழ்ந்துதான் எழுதியிருக்கேன், பாருங்க" என்றேன். ஜெயம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. உள்ளே திரும்பி, தோசைக்கல்லில் நின்ற முருகேசனை அழைத்தார். கிருஷ்ணகிரிக்காரர், தமிழ்ப் பள்ளியில் படித்தவர்.

நான் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெருமையோடு நோட்டை நீட்டினேன்.

முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, கடை முழுக்கக் கேட்கும்படி படித்தார். பல் ப.

"அக்கா, பன்னி பன்னின்னுதான் எழுதியிருக்கு. டைம் போட்டு எழுதியிருக்காரு. சாட்சி வேற வெச்சிருக்காரு. கீழ ஒரு அம்மாவையும் பன்னின்னு போட்டிருக்கு."

"அப்படி இல்லப்பா, அது ப!"

"நானும் ப-ன்னுதானே சார் படிக்கிறேன்?"

நிரபராதி என்று நிரூபிக்கக் கொண்டுபோன காகிதம், என் கையெழுத்தில் என் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது. ஜெயம்மா அடுத்தவருக்கு டோக்கன் கிழித்தார். அடுத்தவரிடம், "பன்னி சார்" என்றார். அவ்வளவு தெளிவான பஸ் ப-வை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கல்பனா இதே ஊர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். நான்கு மொழியில் சண்டை போடுவாள், இரண்டு மொழியில் சமாதானமும் பேசுவாள்.

"இட்லி துன்ற எடத்துல எதுக்குய்யா ரெஜிஸ்டர்? அந்தம்மா கூப்டாங்கன்னா போயி துன்னுட்டு வர வேண்டியதுதானே?" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை தனியாகப் போனாள். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, திங்கள் முதல் புதன்வரை ஒவ்வொரு வரியையும் சரியான ப-வோடு படித்துக் காட்டினாளாம். ஜெயம்மா முகம் இளகவில்லையாம். பிறகு யாருமே படிக்காத வியாழக்கிழமை வரியைப் படித்தாளாம்: "ஜெயம்மா இன்று வரவில்லை. கவுன்டரில் வேறொருவர். நிமிரவில்லை. மகிழ்ச்சி: இல்லை."

"அந்தம்மா டோக்கன் கட்ட கீழ வெச்சாங்க. அப்புறம் அதை இன்னொரு தடவ படிக்கச் சொன்னாங்க" என்றாள் கல்பனா. அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். "அப்புறம் உன்ன நெனச்சு ரெண்டு பேரும் அரை மணி நேரம் சிரிச்சோம்" என்றும் சொன்னாள்.

செவ்வாய், 7.42. படியில் கால் வைத்தேன். ஜெயம்மா நிமிர்ந்தார். சிரித்தார்.

"வாங்க சார், வாங்க!"

சுத்தத் தமிழ். "நிமகே மட்டும் தமிழ் சார். பரெதுக்கோளி. தப்பே வராது" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார்! உள்ளேயிருந்து முருகேசன் சிரித்தது இங்கே கேட்டது.

அன்று முதல் அந்தக் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும், நேற்று வந்தவனுக்கும், 'பன்னி'. எனக்கு மட்டும் 'வாங்க'. பழைய வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வீட்டிலோ எனக்கு 'வாங்க' என்ற சொல்லே கிடையாது. சாப்பாடு தயாரானால் என் மகள், "அப்பா, பன்னி!" என்கிறாள். பல் ப. விருந்தாளிகள் திடுக்கிட்டால், மாமியார் முழுக் கதையையும் சொல்கிறார், நாற்பது வருட மரியாதைக் கதையோடு. சந்தோஷத்தைப் பகிர்ந்தால் பெருகும் என்று சொன்ன அந்தப் பயிற்சியாளர் அம்மையாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெருகியிருக்கிறது, எல்லோருக்கும்.

கடைசியாக ஒரு பதிவு. போன மாதம், சனிக்கிழமை, காலை 7.42, மழை. தர்ஷினி படியில் முதுகைக் காட்டி நின்று குடையை உதறிக்கொண்டிருந்தேன். பின்னால் ஜெயம்மாவின் குரல்: "பன்னி, பன்னி." பஸ் ப. திரும்பினேன். அவர் குனிந்து டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். படியில் என்னையும் இன்னொரு ஹெல்மெட்காரரையும் தவிர யாருமில்லை. அவரிடம் கேட்டேன். "கொத்தில்லா" என்றார். 'மகிழ்ச்சி' கட்டத்தில் 'உண்டு' என்று குறித்திருக்கிறேன், பென்சிலால். அழைக்கப்பட்டவர் யார் என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.