கழுகே வராத ஊர்க்காரர்

சிங்கப்பெருமாள் கோயிலில் தொடங்கி மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் தேடினாலும், நடக்காத விஷயங்களுக்காக இவ்வளவு களைத்துப்போன இன்னொரு மனிதரைப் பார்க்க முடியாது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் ‘வரலன்னா’ சார்.

“கரண்ட் வரலன்னா? நெட் வரலன்னா? வேன் வரலன்னா?” என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே நுழைவார். கையில் இரண்டு குடை இருக்கும். ஒன்று விரியாவிட்டால்?

நான் அந்த ஆபீசில் டீ போடுகிறவன். அமெரிக்காவில் ஒருத்தர் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த அடிக்கு ஒரு எண் உண்டாம். எண் போட்டால்தான் அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் பணத்தை அவிழ்ப்பார்கள். டாக்டர் எழுதியதைப் படித்து எண் போடுவது எங்கள் ஆபீஸ் பிள்ளைகள். எண் போடும் பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதியதற்கு மாறப்போவதாக மேனேஜர் அறிவித்தார். மாறும்போது வேலை நிற்காமலிருக்கத் திட்டம் போடும் பொறுப்பை வரலன்னாவிடம் கொடுத்தார். பசித்தவனுக்கு இலை போட்ட மாதிரி ஆயிற்று.

அதே வாரம் பட்டனை அழுத்தினால் டீ கொட்டும் மிஷினும் வந்து இறங்கியது. “மாசக் கடைசியோட நீங்க கிளம்பிக்கலாம்ணா” என்றார் மேனேஜர். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. தலையாட்டிவிட்டு டம்ளர் கழுவப் போனேன்.

வரலன்னா பின்னாலேயே வந்தார். “மிஷின் வரலன்னா இன்னா பண்ணுவானுங்க?”

“வந்துடுச்சு சார். அதோ நிக்குது.”

“அது வந்துச்சு. டீ வரலன்னா?”

மறுநாள் திட்டத்தில் நானும் என் டீக் கேத்தலும் ஏறிவிட்டோம். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். “சிஸ்டம் மாத்துறதுக்கும் டீக்காரருக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“புள்ளைங்க தூங்கிட்டா சிஸ்டம் இருந்து இன்னா, இல்லாங்காட்டி இன்னா?”

“சரி, மாறுற நாள் வரைக்கும் இருக்கட்டும். எதுவும் ஆகலன்னா அவர் கிளம்பணும்.”

திட்டம் எல்லாரையும் பிழிந்தது. பழையதிலும் புதியதிலும் ஒரே எண்ணை இரண்டு முறை போட்டுப் பிள்ளைகள் கண் சிவந்தார்கள். மிஷினில் ஒரு டீ, கேத்தலில் ஒரு டீ என்று நானும் இரண்டு முறை நடந்தேன். ஆபீஸ் கட்டடமே போய்விட்டால் என்ன செய்வது என்று வரலன்னா திருவிடந்தையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்து வைத்திருந்தார். ஒத்திகைக்காக எல்லாரையும் வேனில் ஏற்றி, மடியில் கம்ப்யூட்டரோடு கொண்டுபோய் இறக்கினார். உள்ளே முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தது. மண்டபம் காலியாக இல்லாவிட்டால் என்பதை மட்டும் மனிதர் கேட்க மறந்திருந்தார்.

“நீங்கள்லாம் பொண்ணு வூடா, மாப்ள வூடா?” என்று வாசலில் ஒரு அம்மா பன்னீர் தெளித்தார்.

“ஆபீஸ் வூடும்மா” என்றார் வரலன்னா. எங்களைச் சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள். ஒத்திகை வெற்றி என்று எழுதிக்கொண்டார்.

திரும்பும் வேனில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஏன் சார் இப்படி உடம்பைக் கெடுத்துக்கறீங்க?”

“எங்க ஊரு திருக்கழுக்குன்றம், அண்ணாத்த. தெனம் உச்சி வேளைக்கு மலைக்குக் கழுகு வரும், சோறு துன்னும், போவும். எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலருந்து வந்துகினு இருந்தது. நின்னு போச்சா இல்லியா? கழுகே வரல. நேத்து வாங்கின சாஃப்ட்வேர் வந்துருமா?”

மாறும் நாள் வந்தது. ஜெனரேட்டரில் டீசல் நிரம்பியிருந்தது. இரண்டாவது நெட் தயாராக இருந்தது. ஒன்றுமே ஆகவில்லை. புது சாஃப்ட்வேர் மணி மணியாக ஓடியது. கரண்ட் கூட ஒரு தடவை கண் சிமிட்டவில்லை. “என்ன சார், எல்லாம் வந்துருச்சே!” என்று மேனேஜர் சிரித்தார். வரலன்னா பொண்ணு பார்த்துவிட்டுப் பதில் வராத மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். நான் கேத்தலைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

டீ நேரத்தில் ஒரு பெண் கத்தினாள். “மிஷின் வேலை செய்யல!”

எல்லாரும் ஓடினோம். மேனேஜர் எல்லா பட்டனையும் குத்திப் பார்த்தார். மிஷினை ஒட்டி, சுவரில் சாய்ந்தபடி வரலன்னா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. சட்டைக்கு அடியில் கறுப்பாக ஒரு வயர் எட்டிப் பார்த்தது.

எதுவும் நின்றுவிடக் கூடாது என்று மாதக்கணக்கில் தூங்காத மனிதர், அன்றைக்கு ஒன்றே ஒன்றை நிறுத்தியிருந்தார்.

“டீ வரல அண்ணாத்த” என்றார், என்னைப் பார்க்காமல். “கேத்தல் எங்க கீது?”

பிள்ளைகள் கைதட்டினார்கள். மேனேஜரும் ஒரு டம்ளர் குடித்தார், இன்னொன்று கேட்டார். “சரி, ரெண்டும் இருக்கட்டும்” என்றார். மிஷின்காரன் வந்து பார்த்து, கோளாறே இல்லையே என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் வரலன்னாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. நான் இங்கேதான் இருக்கிறேன். சாயங்காலம் டீ ஊற்றும்போது அவர் மேஜையில் ஒரு டம்ளர் வைக்கிறேன். அது ஆறிப்போகும். நானே எடுத்துக் கொட்டுவேன்.

“யாருக்குண்ணா அது? அவருதான் போய்ட்டாரே” என்று அன்றைக்கு மிஷின் முன்னால் கத்திய பெண் கேட்டாள்.

“வந்துட்டாருன்னா?” என்றேன்.