வீடில்லாத நாற்பத்து மூன்று ஆண்கள்

கல்முனை
1958 மாசி 12, புதன்

அன்பும் மரியாதையும் உள்ள மருமகன் மசூர் அவர்களுக்கு, உங்கள் மாமா பக்கீர் முகைதீன் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. நானும், உங்கள் மாமியும், உங்கள் பெண்சாதி சுபைறாவும், குழந்தையும் அல்லாஹ்வின் உதவியால் இக்கடிதம் எழுதும் இந்த நேரம் வரை சுகம். இது உங்கள் கைக்கு வரும் நேரத்தைப் பற்றி நான் உறுதி சொல்ல முடியாது; அப்போதும் சுகமாகவே இருப்போம் என்று நம்புகிறேன். கொழும்பில் நீங்களும் அவ்வாறே இருக்கத் துஆச் செய்கிறேன்.

முக்கியமானதை முதலில் எழுதுகிறேன். நீங்கள் துணிக்கடையில் லீவு கேட்டு அவசரமாக வரத் தேவையில்லை. மார்கழி வெள்ளத்தில் விழுந்த உங்கள் வீடு, அதாவது சுபைறாவின் வீடு, திரும்ப எழும்பப் போகிறது. உங்கள் சைக்கிளும் பத்திரம். நீங்கள் அனுப்பிய ஒரே போஸ்ட்காட்டில் சைக்கிளை மூன்று இடத்தில் விசாரித்திருந்தீர்கள்; பெண்சாதியையும் குழந்தையையும் விசாரிக்க இடம் போதவில்லை போலும். சுபைறா அதை வாசித்துவிட்டு ஒன்றும் கதைக்கவில்லை. அவள் கதைக்காமல் இருந்தால் எனக்குப் பயம்.

இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பிழை முழுவதும் என்னுடையது. வெள்ளம் வடிந்ததும் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வந்து, வீடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் மரமும் கூரைத் தகடும் தரும், ஆளுக்கொரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் கிளாக்கராக இருந்தவன் என்று என்னைப் பிடித்துப் பாடசாலை மண்டபத்தில் ஒரு மேசைக்கு முன்னால் இருத்தினார்கள். அந்த மண்டபத்தில்தான் நாங்கள் நாற்பத்து மூன்று குடும்பமும் பாய் விரித்துக் கிடந்தோம். படிவத்தில் நாலாவது கேள்வி, விண்ணப்பகாரருக்குச் சொந்தமான வீடு உண்டா என்பது. நம்முடைய பகுதியில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தானே. வாப்பா கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியிருப்பார். நான் ஒவ்வோர் ஆணாகக் கூப்பிட்டு, "ஊடு ஒங்கடயா?" என்று கேட்டேன். "என்ன கிளாக்கர், தெரியாத மாதிரிக் கேக்கிறீங்க? அது பொண்டாட்டிட ஊடு" என்றார் ஒருவர். "எனக்கேது ஊடு?" என்றார் அடுத்தவர். பாண்டிருப்பிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மீன்காரர் தம்பு, "எனக்கெண்டு ஒரு வீடிருந்தா நான் ஏனய்யா மாமியார்ட பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்கிறன்?" என்றார். நான் உண்மையை உண்மையாகவே எழுதினேன். எங்கள் குடும்பத்துக்காக என் பெயரில் நிரப்பியதையும் சேர்த்து நாற்பத்து மூன்று படிவத்திலும் "இல்லை" என்று எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, மூன்று முறை சரி பார்த்தேன்.

பத்து நாளில் நிவாரண உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "இந்தக் குறிச்சியில் வெள்ளத்துக்கு முன்னமே ஒருத்தருக்கும் வீடில்லை என்று எழுதிக் கிடக்கு. இல்லாத வீடு எப்பிடி விழுந்தது?" என்று கேட்டு, நாற்பத்து மூன்றையும் நிராகரித்து என் முன்னால் வைத்தார். வருகிற திங்கள் பாடசாலை தொடங்குகிறது, அதற்குள் மண்டபத்தை விட வேண்டும். கைக்குழந்தையோடு சுபைறாவை நான் எங்கே கொண்டு போவேன்? சனங்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். நான் என் கையெழுத்தைப் பார்த்தேன். அது வழக்கத்திலும் அழகாக இருந்தது.

அந்த நேரம்தான் நம்முடைய எம்.பி. அச்சிமுகம்மது அவர்கள் வந்தார்கள். மதகு உடைந்ததால் கார் வராது; சாரத்தை மடித்துக் கட்டி, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார்கள். மருமகன், நான் பாராளுமன்றத்தைக் கண்டதில்லை. அன்று அது எங்களிடம் நடந்து வந்ததைக் கண்டேன். வந்ததும், "நஸீறா ராத்தா, ஒங்கட பசு கிடைச்சா?" "தம்பு அண்ணன், தோணி தப்பிச்சா?" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்து ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். பிறகு, "கிளாக்கர் மாமா எங்க?" என்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். படிவங்களைப் புரட்டிப் பார்த்து, "ஒரு பொய்யும் இல்ல மாமா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, உத்தியோகத்தருக்கு முன்னால் ஒரு சாக்கு மூட்டையின் மேல் குந்தினார்கள்.

"ஐயா, என்னையும் எழுதுங்க. எனக்கும் ஊடு இல்ல."

"பகிடி விடாதையுங்கோ. உங்கட மாடி வீட்டில நான் தேத்தண்ணி குடிச்சனான்."

"அது என்ட பொண்டாட்டிட ஊடு. தேத்தண்ணியும் அவடதான். பதினாறு வருஷமா நான் அங்க விருந்தாளி."

உத்தியோகத்தர் நிராகரித்த படிவங்களைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எம்.பி. அவர்கள் மண்டபத்துக்குக் குறுக்கே படுக்கை விரிப்புகளைத் திரையாகக் கட்டச் சொன்னார்கள். இந்தப் பக்கம் உத்தியோகத்தர், அந்தப் பக்கம் பெண்கள். "இப்ப நாலாவது கேள்வியக் கேளுங்க" என்றார்கள். அல்லாஹ்வே, அந்தச் சத்தம்! "என்ட ஊடு!" "என்ட ஊடு, ரெண்டு அறை, ஒரு குசினி!" நஸீறா, "ஊடும் என்ட, உள்ளுக்க படுத்துக் கிடந்த ஆளும் என்ட, ரெண்டையும் எழுதுங்க!" என்றாள். திரைக்கு இப்பால் நின்ற ஆண்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். சுபைறாவின் முறை வந்தபோது, வாப்பா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. திரையை விலக்கி வெளியே வந்தபோது முகம் மட்டும் அமைதியாக இருந்தது. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணியோடு எம்.பி. அவர்கள் அந்த மூட்டையிலேயே இருந்து, நாற்பத்து மூன்று புதுப் படிவத்தையும் தாமே மட்டக்களப்புக்குக் கொண்டு போனார்கள். நேற்றுத் தந்தி வந்தது: எல்லாம் அனுமதி, வீடு எழும்பும் வரை மண்டபத்தில் இருக்கலாம். இப்படியும் ஒரு மனிதர் நமக்காக அலைவாரா என்று தந்தியை நான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. மிகைப்படுத்தி எழுதியிருந்தால் மன்னிக்கவும். குறைத்து எழுதியிருப்பேன் என்றுதான் பயப்படுகிறேன்.

ஆகையால் நீங்கள் நிம்மதியாக வேலையைப் பாருங்கள், நோன்புப் பெருநாளைக்கு வந்தால் போதும். மாமி ஸலாம் சொல்கிறாள். குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக.

இப்படிக்கு
உங்கள் மாமா
பக்கீர் முகைதீன்

பிற்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகும் நேரம், எம்.பி. அவர்களின் கடிதம் ஒன்று சுபைறாவின் பெயருக்கு வந்தது. வெள்ளத்தில் கணவரை இழந்த தங்கைக்குத் தம்முடைய ஆழ்ந்த அனுதாபம் என்றும், விதவை என்பதால் முதல் அனுமதிப் பத்திரம் அவளுக்கே என்றும், வருகிற 20ஆம் திகதி வியாழன் காலை பத்து மணிக்கு அதைத் தாமே கொண்டு வருவதாகவும், மர்ஹூம் மசூருக்காக ஊரோடு யாசீன் ஓத ஏற்பாடு செய்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். சுபைறாவைக் கேட்டேன். "வாப்பா, புருசன் எங்க எண்டு அந்த உத்தியோகத்தர் கேட்டார். எனக்கு அப்படி ஒருத்தரும் இல்ல எண்டன். மவுத்தாப் போயிட்டாரா எண்டார். சைக்கிள் ஞாபகம் வந்திச்சு. எழுதிக்கொள்ளுங்க எண்டன்" என்கிறாள். இந்த ஒரு படிவம் பொய்யென்று தெரிந்தால் மற்ற நாற்பத்திரண்டையும் யார் நம்புவார்கள்? அவ்வளவு பெரிய மனிதரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. வெள்ளத்தில் போனவர் பிழைத்து வந்துவிட்டார் என்றால் மட்டும் அது பொய்யாகாது, செய்தி பிழை என்றாகும். எனவே, வரத் தேவையில்லை என்று மேலே எழுதியதை ரத்துச் செய்து வாசிக்கவும். கிடைத்த ரயிலில் ஏறி, வியாழன் பத்து மணிக்கு முன் உயிரோடு மண்டப வாசலில் வந்து நிற்கவும். சைக்கிளைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம்.